டேகுவின் ஆண்டுக் கணக்கு

டேகு என்ற பெரிய பல்லி ஒன்று என் கைக்கு வந்தால் முதலில் கீழ்த்தாடையைத்தான் பார்ப்பேன். விரலால் மெல்ல அழுத்தினால் எலும்பு அசையாமல் நிற்க வேண்டும். வளைந்து கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போய் எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து கால்விரல் நுனிகள். உரிந்த தோல் முழுதும் கழலாமல் வளையமாக இறுகி நின்றால் நுனிக்கு ரத்தம் போகாது. கறுத்துக் காய்ந்து விரலே உதிர்ந்துவிடும். அப்படி ஒரு விரல் போயிருந்தால் அது வளர்ந்த கூண்டு வறண்ட கூண்டு. முதுகின் நடுவில் தீத்தழும்பு இருந்தால் தலைக்கு மேலே ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டு வளர்த்திருக்கிறார்கள். நடக்கும்போது வயிறு தரையில் உரசினால், டப்பாவில் வரும் பூனை உணவைப் போட்டே பழக்கியிருக்கிறார்கள். இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் கொண்டுவந்தவரிடம் பேச்சுக் கொடுப்பேன்.

தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது அப்பாவிடம் கற்றது. சிவகங்கைப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்தவர். தொழுவத்துக்குப் போனால் உடனே மாட்டை நெருங்க மாட்டார். வாசலிலேயே நின்று, அது எந்தக் காலில் பாரம் போடுகிறது, அசை போடுகிறதா, சாணி எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். நான் கல்யாணமாகி புளோரிடாவில் டாம்பா பக்கம் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, ஊர்வன வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில் ஆள் தேவை என்று தெரிந்தது. மாடு, ஆடு, கோழி தெரியும் என்றேன். பண்ணைக்காரர் வயதானவர். ஒரு பெரிய ஆண் டேகு இருந்த அடைப்பின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, "பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வலது பின்னங்காலை முழுதாக ஊன்றவில்லை என்றேன். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

நம் ஊர்க்காரர்கள் யார் பார்த்தாலும் டேகுவை உடும்பு என்றுதான் சொல்வார்கள். பருத்த உடல், நீண்ட வால், இரண்டாகப் பிளந்த நாக்கு, மண்ணை முகர்ந்துகொண்டே போகும் நடை எல்லாம் அப்படியே. ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். டேகுவின் நாடான தென் அமெரிக்காவை உடும்பு இனம் எட்டவே இல்லை. முட்டை திருடுவது, வளை தோண்டுவது, செத்ததையும் உயிருள்ளதையும் பழுத்ததையும் தின்பது என்று நம் ஊரில் உடும்பு செய்கிற வேலையை அங்கே டேகு எடுத்துக்கொண்டது. வேலை ஒன்றானதால் உடலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

டேகுவில் பல இனங்கள் உண்டு. வீடுகளுக்கு அதிகம் வருவது அர்ஜென்டினாவின் கறுப்பு வெள்ளை டேகு. தென் பிரேசில், உருகுவே, பராகுவே, அர்ஜென்டினாவின் வடக்கும் நடுவும் அதன் நாடு. அர்ஜென்டினாவில் லகார்ட்டோ ஓவேரோ என்பார்கள், பிரேசிலில் தெயூ. விஞ்ஞானப் பெயர் சால்வடோர் மெரியானே. பூச்சிகளை வரைவதற்காக 1699இல் மகளோடு கப்பலேறி சூரினாமுக்குப் போன மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியரின் பெயர் அதில் இருக்கிறது. டுமேரில், பிப்ரான் என்ற இரண்டு பிரெஞ்சு விலங்கியலாளர்கள் 1839இல் வைத்தது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். ஐம்பதைத் தாண்டிய வயதில், யாரும் அனுப்பாமல், தன் செலவில் உயிரினங்களைப் பார்க்கப் போன ஒரு பெண்ணின் பெயர் இந்தப் பல்லிக்குத் தகும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒரு சாண் நீளம். தலையும் கழுத்தும் பச்சைப் பசேலென்று இருக்கும். சில வாரங்களில் அந்தப் பச்சை மங்கிக் கறுப்பும் வெள்ளையும் தெளிந்துவிடும். அந்தப் பச்சைதான் ஆட்களை மயக்குவது. கடையில் அதைப் பார்த்து வாங்குகிறவர், ஓராண்டில் அது இரண்டு அடியைத் தாண்டும் என்பதையும், வளர்ந்த ஆண் நாலு அடிக்கு மேல் போய் நாலைந்து கிலோ நிற்கும் என்பதையும் காதில் வாங்குவாரே தவிர மனதில் வாங்க மாட்டார். நல்ல கையில் இருந்தால் பதினைந்து முதல் இருபது ஆண்டு வாழும்.

வெயில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நான் பார்த்த நோய்களில் பெரும்பகுதி வெயில் கிடைக்காத நோய்தான். டேகு படுத்துக் காயும் கல்லின் மேற்பரப்பு 43 முதல் 49 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். கூண்டின் மறுமூலை 24 முதல் 27க்குள் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே கூண்டுக்குள், ஒரே நேரத்தில். எட்டடி நீளம், நாலடி அகலத்துக்குக் குறைந்த கூண்டில் இதைச் செய்ய முடியாது. சின்னக் கூண்டில் எல்லா இடமும் ஒரே சூடாகிவிடும். ஒற்றை விளக்கு வைத்தால் பெரிய உடம்பில் ஒரு வட்டம் மட்டும் வேகும், மற்றதெல்லாம் குளிர்ந்தே கிடக்கும். உடம்பு இன்னும் சூடாகவில்லை என்று டேகு அங்கேயே படுத்திருக்கும், முதுகு பொசுங்கும். இரண்டு மூன்று விளக்குகளை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோளிலிருந்து இடுப்பு வரை சீராகக் காயும். மின்சாரத்தில் சூடாகும் கல் என்று ஒன்று விற்பார்கள். அதை நான் எந்தக் கூண்டிலும் விட்டுவைப்பதில்லை. வயிற்றுத் தோல் கருகுவது தெரியாமலே அதன் மேல் படுத்திருக்கும்.

புற ஊதா விளக்கு தனி. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் டி வைட்டமின் உண்டாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் குழல் விளக்கு ஓராண்டுக்குப் பிறகும் பளிச்சென்று எரியும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையாது, கண்ணுக்குத் தெரியாத கதிர் குறைந்துவிடும். விளக்கு எரிகிறதே என்று மூன்று ஆண்டு அப்படியே விட்டவர்கள் கொண்டுவரும் டேகுக்களின் தாடையைத்தான் நான் அழுத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு குழலின் நுனியிலும் மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதிவைப்பது பண்ணையில் நான் கொண்டுவந்த பழக்கம்.

தீனியில் டேகு கஷ்டம் கொடுக்காது, அதுதான் ஆபத்து. கொடுத்ததையெல்லாம் தின்னும். காட்டில் அது நத்தை, வண்டு, தவளை, எலி, பறவை முட்டை, பிணம், விழுந்த பழம் எல்லாம் தின்கிறது. பழ விதைகளை வயிற்றில் சுமந்துபோய் வேறிடத்தில் போட்டுக் காட்டை விதைக்கவும் செய்கிறது. குஞ்சின் பல் கூர்மையாக இருக்கும். வயதாக ஆகப் பின்பற்கள் மழுங்கித் தடித்து, நத்தை ஓட்டை நொறுக்கத் தோதாகிவிடும். வாயைத் திறந்து அந்தப் பல்லைப் பார்த்தவர்கள் அதற்கு மாட்டுக்கறி மட்டும் போட்டு வளர்க்க மாட்டார்கள். எலும்பு, குடல், தோல் எல்லாம் சேர்ந்த முழு இரைதான் அதற்கு உணவு. உறைய வைத்து விற்கும் எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டுவோம். முட்டை கொடுத்தால் அவித்துத்தான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாது. சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து போட்டால் பி1 வைட்டமின் அழிந்து கைகால் நடுக்கம் வரும். பப்பாளி என்றால் உயிரை விடும். வளர்ந்த டேகுவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் தீனி போதும். தினமும் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறவர்களிடம் நான் கடுமையாகவே பேசுவேன்.

இதெல்லாம் எழுதிவைத்துக் கொடுத்தால் யாரும் படித்துச் செய்யலாம். யாரும் எதிர்பார்க்காதது குளிர்காலம்.

செப்டம்பர் கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில் எனக்கு ஃபோன்கள் வர ஆரம்பிக்கும். "நேற்றுவரை நன்றாகத் தின்றது. இன்று எலியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. வெளியே வரவே இல்லை." முதல் முறை வளர்க்கிறவர்கள் நோய் என்றே நினைப்பார்கள். விளக்கைக் கூட்டுவார்கள், வாயைத் திறந்து தீனியைத் திணிப்பார்கள். நோயெல்லாம் இல்லை. அதன் ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தென் அமெரிக்காவில் ஏப்ரல், மே வாக்கில் வளைக்குள் இறங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை தூங்கும் விலங்கு இது. வட அரைக்கோளத்துக்கு வந்த பிறகு இங்குள்ள பகல் நீளத்துக்கும் குளிருக்கும் ஏற்பத் தன் நாள்காட்டியைத் திருப்பிக்கொள்கிறது. வளர்ப்புக் கூண்டில் விளக்கு எப்போதும் ஒரே மாதிரி எரிந்தாலும் பல டேகுக்களுக்கு அந்த நேரம் தெரிந்துவிடுகிறது.

பண்ணையில் நாங்கள் செய்துவந்தது இது. தீனியை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் சூட்டை அப்படியே வைத்திருப்போம், குடலில் இருப்பதெல்லாம் செரித்து வெளியே போகட்டும் என்று. குளிர்ந்த உடம்பில் செரிக்காத இரை கிடந்தால் அங்கேயே அழுகும். பிறகு விளக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். டேகு வைக்கோலையும் மண்ணையும் வாயாலும் காலாலும் இழுத்து வளை வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அதற்கு முன் ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதிவைப்பேன். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கும். இடையில் ஒரு நாள் எடுத்து எடை போட்டு, பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் எழுப்பிவிட வேண்டும். குறையாதிருந்தால் வாசலை மூடிவிட்டு வந்துவிடுவோம். மாதக்கணக்கில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்தான் டேகு வளர்க்கலாம் என்று பண்ணைக்காரர் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதைப் போல் உண்மை வேறில்லை. ஆண்டு முழுவதும் விளையாட ஒரு விலங்கு வேண்டும் என்கிறவருக்கு, ஆண்டில் பாதியை வளைக்குள் கழிக்கும் விலங்கு எதற்கு?

இதே பண்ணையில் இருக்கும்போதுதான் 2016இல் டேகுவின் உடல் சூட்டைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. கனடாவின் ப்ராக் பல்கலைக்கழகத்து கிளென் டாட்டர்சாலும், பிரேசிலில் ரியோ கிளாரோ நகரத்து டெனிஸ் ஆன்ட்ராடேயும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. டேகுக்களின் உடம்புக்குள் வெப்பமானியை வைத்து ஆண்டு முழுவதும் அளந்திருக்கிறார்கள். தூக்கம் முடிந்து இணைசேரும் பருவத்தில், வெயில் ஏதும் இல்லாத விடியற்காலையில், வளைக்குள் இருக்கும் டேகுவின் உடம்பு வளையைவிடப் பத்து டிகிரி வரை சூடாக இருந்திருக்கிறது. பல்லி என்றால் வெளிச்சூட்டில் காய்வது, தானாகச் சூடாகாது என்றுதான் எல்லாரும் படித்தோம். இது பறவையும் பாலூட்டியும் செய்கிற காரியத்தை ஆண்டில் ஒரு பருவம் மட்டும் செய்கிறது.

எனக்கு அது செய்தியாக வந்ததைவிட நிம்மதியாக வந்தது. பிப்ரவரி விடியலில், விளக்குப் போடுவதற்கு முன், வளைக்குள் கை விட்டால் சில டேகுக்களின் அடிவயிறு கதகதவென்று இருக்கும். வைக்கோலின் சூடு என்று பண்ணைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். வைக்கோலைத் தொட்டுப் பார்த்தால் அது சில்லென்றுதான் இருக்கும். கை சொன்னதும் கருவி சொன்னதும் ஒன்றாக இருந்ததை அன்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அந்தக் கட்டுரையை அச்செடுத்து முட்டை அறைக் கதவில் ஒட்டினார்.

தூங்கி எழுந்த பெண் டேகுவுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆணோடு சேர்ந்த பிறகு அது காய்ந்த புல், சருகு, எது கிடைத்தாலும் வாயில் கவ்விக்கொண்டு வளைக்குள் கொண்டுபோய் ஒரு பெரிய மெத்தை கட்டும். அதற்குள் ஒரே ஈட்டில் இருபதிலிருந்து ஐம்பது வரை முட்டையிடும். ஆண்டுக்கு ஒரே ஈடு. சருகு கிடைக்காத பெண், முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போவதும் உண்டு. மருத்துவரின் கத்தி தேவைப்படுவதும் உண்டு. ஆகவே மார்ச் வந்தால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வாரிய சருகையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கேட்டு வாங்கிவருவேன். முட்டையிட்ட தாய் கூட்டை விட்டு நகராது. மற்ற மாதங்களில் என் மடியில் ஏறிப் படுத்த பெண், அந்த வாரங்களில் கழுத்தை உப்பிக்கொண்டு சீறிப் பாயும். நாங்கள் தாயைப் பலகையால் மெல்ல ஒதுக்கி, முட்டைகளை எடுத்து, இருந்த வாக்கிலேயே மாற்றி, பெட்டியில் 29, 30 டிகிரி சூட்டில் வைப்போம். தோல் போன்ற ஓடு. ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பருக்கும். இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே போனால் ஒரு முட்டை கிழியும். அன்றிரவே மற்றவையும் கிழிய ஆரம்பிக்கும்.

கடிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடிக்கும். ஆண் டேகுவுக்கு மூன்று வயது வாக்கில் தாடையின் இருபுறமும் தசை திரண்டு கன்னம் தொங்கும். அந்தத் தசை முழுதும் கடிக்கத்தான். கவ்வினால் விடாது, உடம்பைச் சுழற்றும். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும் டேகுவை நான் பார்த்ததில்லை. முதலில் மூச்சு கனக்கும். அடுத்து உடம்பைத் தட்டையாக விரித்துப் பக்கவாட்டில் காட்டும். வால் லேசாக வளையும். இதற்குள் நாம் கையை எடுத்துவிட வேண்டும்.

பழக்குவதற்கு அவசரம் கூடாது. மேலிருந்து கை வந்தால் அதற்கு அது பருந்து. பக்கத்திலிருந்து, தாழ்வாக, அது பார்க்கும்படி வர வேண்டும். நாக்குதான் அதன் கண்ணும் மூக்கும். புதிதாக வந்த டேகுவின் மறைவிடத்தில் நான் உடுத்திய பழைய துப்பட்டா ஒன்றைத் துவைக்காமல் போட்டுவைப்பேன். சில வாரம் அதன் மேலேயே படுத்துத் தூங்கும். பிறகு அடைப்பினுள் போய் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். அதுவாக வந்து, முழங்காலை நாக்கால் தொட்டுப் பார்த்து, போய்விடும். இன்னொரு நாள் வந்து மடியில் ஏறும். அப்போதும் தூக்கக் கூடாது. டேகு பழகும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மனிதருக்கு மனிதர் வித்தியாசம் தெரிகிறது, என் காலடிச் சத்தத்துக்கு வெளியே வருகிறது, புதியவருக்கு வருவதில்லை. ஆனால் அதைத் தன் அன்புக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொள்கிறவர், இளவேனிலில் அதே டேகு வாயைத் திறந்துகொண்டு வரும்போது துரோகம் செய்யப்பட்டவரைப் போல் நொறுங்கிப்போகிறார். விலங்கின் பருவத்தைத் தன் மனதோடு முடிச்சுப் போடாதவர்தான் இருபது ஆண்டு அதோடு இருக்க முடியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் குடலில் சாதாரணமாக இருப்பது.

டேகுவைச் செல்லப் பிராணியாக மட்டும் அறிந்தவர்களிடம் அதன் சொந்த ஊர்க் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. அர்ஜென்டினாவின் சாக்கோ வறண்ட காடுகளில் ஏழைக் குடியானவர்கள் நாயை வைத்து டேகுவை வேட்டையாடினார்கள். இறைச்சி வீட்டுக்கு, கொழுப்பு மருந்துக்கு, தோல் வியாபாரிக்கு. 1980களில் அந்த ஒரு நாட்டிலிருந்து மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான டேகுத் தோல்கள் வெளியே போயின. கணிசமான பகுதி அமெரிக்காவில் கௌபாய் பூட்ஸ்களானது. 1977 முதல், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருந்தும் அவ்வளவு போயிற்று. ஈட்டுக்கு முப்பது நாற்பது முட்டையிடும் விலங்காக இல்லாவிட்டால் இன்று அதைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஒரு நாட்டில் தோலுக்காக உரித்ததை அடுத்த நாட்டில் செல்லமாக வளர்த்து, அதே நாட்டில் இப்போது தொல்லை என்று பொறி வைத்துப் பிடிக்கிறோம். மூன்றிலும் டேகு செய்தது ஒன்றுமில்லை.

தொல்லை என்பது பொய்யில்லை. எங்கள் ஹில்ஸ்பரோ கவுன்டியிலேயே டேகு காட்டில் இனப்பெருக்கம் செய்கிறது. தெற்கே எவர்கிளேட்ஸ் ஓரத்து மயாமி-டேட் கவுன்டியில் இன்னும் அதிகம். தப்பியவை, அலுத்துப்போய் விடப்பட்டவை, அவற்றின் வாரிசுகள். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைத்த கேமராக்களில் அலிகேட்டர் முதலையின் கூட்டைத் தோண்டி முட்டை எடுக்கும் டேகுக்கள் பதிவாயின. பிடிபட்ட டேகுக்களின் வயிற்றில் கோஃபர் ஆமைக் குஞ்சுகள் கிடைத்தன. பாதுகாக்கப்பட்ட இனம் அது. டேகு அதன் வளையிலேயே குடியேறி அதன் குஞ்சையே தின்கிறது.

2010 ஜனவரியில் புளோரிடாவை ஒரு கடுங்குளிர் தாக்கியது. மரத்திலிருந்து பச்சை இகுவானாப் பல்லிகள் விறைத்து விழுந்தன, ஏராளமாகச் செத்தன. அவை வெப்ப மண்டலத்து விலங்குகள். குளிரில் தூங்கத் தெரியாது. டேகுவுக்குத் தெரியும். வளைக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. அலபாமாவில் டச்சுக்காரர் பெர்ட் லாங்கர்வெர்ஃப் பல ஆண்டுகளாகத் திறந்தவெளி அடைப்புகளிலேயே டேகுக்களை வளர்த்துப் பெருக்கிக் காட்டியவர். புளோரிடாவைவிடக் குளிரான அந்த ஊரிலேயே அவை மண்ணுக்குள் தூங்கி எழுந்தன. எங்களைப் போன்றவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எவ்வளவு உறுதியான விலங்கு, எவ்வளவு சுலபம் என்று. பிறகு ஜார்ஜியாவிலும் இரண்டு கவுன்டிகளில் காட்டு டேகுக்கள் தென்பட்டன. வளர்ப்பவரை வியக்க வைத்த அதே தூக்கம்தான் அதை அங்கே நிலைக்க வைக்கிறது.

பிரேசிலின் ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் எலியை ஒழிக்கவென்று டேகுவைக் கொண்டுவிட்டார்கள். எலி இரவில் திரியும், டேகு பகலில் திரியும். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. டேகு கடற்பறவை முட்டைக்கும் கடலாமை முட்டைக்கும் போனது. ஒரு விலங்கின் நாளையும் ஆண்டையும் பார்க்காமல் முடிவெடுத்தால் நடப்பது இதுதான்.

2021 ஏப்ரல் 29 அன்று புளோரிடாவில் டேகுவும் பச்சை இகுவானாவும் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்ந்தன. ஏற்கெனவே வீட்டில் வைத்திருந்தவர்கள் ஜூலை முடிவதற்குள் கட்டணமில்லா அனுமதி வாங்கி, தோலுக்கடியில் மைக்ரோசிப் பதித்து, அந்த விலங்கின் ஆயுள் முடியும் வரை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்க முடியாது, குஞ்சு எடுக்க முடியாது. ஏற்கெனவே விற்பனை செய்துவந்த பண்ணைகளுக்கு 2024 ஜூன் வரை அவகாசம் இருந்தது. பண்ணைக்காரருக்கு அது வாழ்நாள் உழைப்பின் மேல் விழுந்த அடி. என் பண்ணையிலிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை, தரைக்குள் இரண்டடி கம்பிவலை புதைத்திருக்கிறேன், எவனோ விட்டதற்கு எனக்குத் தண்டனையா என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் தடை சரி என்றுதான் நான் நினைத்தேன், அவரிடம் சொல்லவும் செய்தேன். வருஷா வருஷம் புயல் வரும் மாநிலம் இது. கதவைப் பிய்த்தெறியும் காற்றுக்கு நல்ல பண்ணை, கெட்ட பண்ணை என்ற பேதம் கிடையாது. எங்களிடம் குஞ்சு வாங்கிப்போனவர்களில் எத்தனை பேர் இரண்டடி வலை புதைத்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, தூங்கி எழுந்த ஒரு கிழட்டுப் பெண்ணின் எடையைக் கேட்டுக்கொண்டு அவராகவே வந்தார்.

தடைக்கு முன்னால் ஆர்லாண்டோவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. "அக்கா, பையன் வீடியோவில் பார்த்துவிட்டு ஒரே பிடிவாதம். ஒரு குட்டி போதும். ரொம்பப் பெரிசாகாமல் இருக்கிற மாதிரி பார்த்துக் கொடுங்கள்" என்றார் அப்பா. "பெரிசாகாத டேகு கிடையாது தம்பி" என்று சொல்லி, குஞ்சுப் பெட்டிகள் இருந்த அறைக்கு அழைத்துப்போகாமல் நேரே பெரிய ஆணின் அடைப்புக்கு அழைத்துப் போனேன். பையனிடம் வாளியும் கரண்டியும் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் கழிவை அள்ளினான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார். "இவன் காலேஜுக்குப் போனால் யார் அள்ளுவது?" என்று அம்மாதான் கேட்டார். அன்று அவர்கள் எதுவும் வாங்காமல் போனார்கள். பையன் மட்டும் விடுமுறை நாட்களில் வந்து எலி இளக்கவும் சருகு அள்ளவும் செய்தான். அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சென்னையிலிருந்தும் கேட்கிறார்கள். அங்கே இகுவானா வளர்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அடுத்து டேகு கிடைக்குமா என்கிறார்கள். நான் சொல்வது முதலில் சட்டம். 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும் சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்கு எதையும் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும் என்கின்றன. தாளில்லாமல் கிடைக்கும் விலங்கு கடத்தி வந்த விலங்கு. வாயைக் கட்டி, பயணப் பெட்டியில் அடுக்கி வந்தவற்றில் பிழைத்தது. அடுத்து, அந்த ஊரின் குளிர்காலம் எங்கே என்று கேட்பேன். மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் டேகுவுக்கு அதன் தூக்கத்தை எப்படிக் கொடுப்பீர்கள்? குளிரூட்டி வைத்தா, எத்தனை ஆண்டுக்கு? அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. தோட்டத்துக்கு வரும் உடும்பைத் தொந்தரவு செய்யாமல் தூர நின்று பாருங்கள், அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, தொடவே கூடாது, ஆனால் பார்ப்பதற்குத் தடையில்லை என்பேன்.

பண்ணையை மூடிவிட்டார்கள். இப்போது நான் செய்வது, வைத்துக்கொள்ள முடியாமல் போனவர்களின் டேகுக்களைத் தேற்றி, சட்டம் இடம் கொடுக்கும் வெளி மாநிலங்களில் ஏற்ற ஆட்களிடம் சேர்ப்பது. புளோரிடாவில் 2006 முதல், அயல்நாட்டுப் பிராணியைத் தண்டனை இல்லாமல் ஒப்படைக்க ஒரு அரசுத் திட்டம் இருக்கிறது. தெருவில் விடுவதைவிட அதில் ஒப்படைப்பது எவ்வளவோ மேல். கொண்டுவருகிறவரை நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்வதில்லை. வருகிறவர்களில் பலர் கெட்டவர்களும் இல்லை. விவாகரத்து, வாடகை வீடு மாறுதல், உடம்புக்கு முடியாமை. இருபது ஆண்டில் மனிதருக்கு என்னதான் நடக்காது?

ஆகவே எடுத்துப்போக வருகிறவரிடம் கூண்டின் அளவு, விளக்கின் தேதி, பக்கத்தில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்பதெல்லாம் கேட்ட பிறகு, இரண்டாவது ஆள் யார் என்று கேட்பேன். உங்களுக்குப் பிறகு, அல்லது உங்களால் முடியாதபோது, இதை எடுத்துக்கொள்ளப்போகிறவர். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, நேரில் வர வேண்டும். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும். போன மாதம் டென்னசியிலிருந்து ஒரு பெண் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு பல மணி நேரம் காரோட்டி வந்தார். தங்கைக்குப் பல்லி என்றாலே பயம். வெகுநேரம் அடைப்பின் ஓரத்தில் நின்றார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். டேகு வந்து அவர் காலணியை நக்கிவிட்டுப் போனது. இளக்கிய எலியை இடுக்கியில் பிடித்து அவர் கையாலேயே ஒருமுறை கொடுக்கச் சொன்னேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். எடையையும், முதுகில் இருந்த பழைய தழும்பையும், கடைசியாகத் தூங்கி எழுந்த தேதியையும் தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியை மூடினேன்.